அணைத்த கம்ப்யூட்டரின் சூடு

மேலூர் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு கல்லூரி மாணவர்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"கம்ப்யூட்டர ஆஃப் பண்ணிட்டுத்தான் மாப்ள அணில்குட்டிக்குச் சூடு குடுக்குறேன்."

"ஆஃப் பண்ணா எப்பிடிடா சூடு வரும்?"

"ஆஃப் பண்ணாலும், சுவத்து சுவிட்ச் ஆன்ல இருந்தா மதர்போர்டுல கொஞ்சம் கரண்ட் இருக்கும். ரெண்டு பின்னுல இருந்து ஒயர் இழுத்து, சின்ன ரெசிஸ்டர் மாட்டி, பஞ்சுக்கு அடியில வச்சிருக்கேன். இளஞ்சூடா இருக்கும்."

"உங்கப்பா விட்டாரா? வீடு பூரா சுவிட்ச அமத்திக்கிட்டே திரிவாரே."

"மொத நாளே அமத்திட்டாரு. குட்டி வெறச்சுப்போச்சு. உள்ளங்கையில பொத்தி வச்சு, ஊதி ஊதிப் பொழைக்க வச்சதும் அவருதான்."

"இப்ப?"

"சுவிட்ச்சுக்கு மேல பேப்பர் ஒட்டிருக்காரு. 'தொடாதே, குட்டி தூங்குது'ன்னு. எங்க வீட்டுல சுவிட்ச அமத்துற ஆளே அவரு ஒருத்தருதான் மாப்ள."