மோட்டாரை நிறுத்திய வீடு

“நீங்க ஸ்ட்ரைக்குன்னு கேட்ல உக்காந்தப்போ நான் தண்ணி மோட்டாரை நிறுத்துனது தப்புதாம்மா. அதுக்குன்னு ஞாயித்துக்கிழமை ஏரி போராட்டத்துக்கு வரமாட்டேன்னா இன்னா அர்த்தம்?”

ஒரகடம் கூட்டுரோட்டில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் பேசியவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க வீட்டுக்கார அம்மா. கழுத்தில் கம்பெனி அட்டையோடு நின்ற தெற்கத்திப் பெண், அவர் வீட்டில் வாடகைக்கு இருப்பவள்.

“குளிக்கத் தண்ணி இல்லாம கெடந்தோம்க்கா. வேலைக்குப் போங்க, இல்லன்னா ரூமைக் காலி பண்ணுங்கன்னு சொன்னிய.”

“கம்பெனி ஆளு வூட்டாண்ட வந்து மிரட்னாம்மா. இப்ப அதே கம்பெனி கழிவுத் தண்ணிய ஏரில வுட்டுகினு கீறாங்க. மீனெல்லாம் செத்து மெதக்குது. உள்ள வேலை செய்யற நீங்க நாலு பேர் வந்து சொன்னாதான எடுபடும்?”

“வந்தா போட்டோ எடுத்து வச்சுக்கிடுவாவ. மறுநாள் கேட்டுக்கு உள்ளயே விடமாட்டாவ.”

“பயந்துகினே இருந்தா ஆவுமா? எல்லாரும் ஒண்ணா நின்னா இன்னா பண்ணிடுவான்?”

“அன்னைக்கு நாங்களும் இதத்தான்க்கா சொன்னோம்.”

இருவரும் திட்டியது ஒரே கம்பெனியைத்தான். முறைத்துக்கொண்டதோ ஒருவரையொருவர்.

கம்பெனி பஸ் வந்தது. படியில் கால் வைத்தவள் திரும்பினாள்.

“உங்க மவனும் உள்ள சூப்பர்வைசராத்தான இருக்காவ? ஞாயித்துக்கிழமை அவிய ஏரிக்கு வாராவளா?”

வீட்டுக்கார அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

“அவனை இன்னாத்துக்கும்மா இதுல இழுக்கற? இப்பதான் பர்மனென்ட் பண்றேன்னு சொல்லிகீறாங்க.”