மதிலோரத்து ஆயில் இன்ஜின்

"ஹலோ... ஹலோ, சிவசாமி சாருங்களா?... நான் வேம்பு. பக்கத்து ஆராய்ச்சிக் கூடத்துலேருந்து... ஆமா, ஆமா, வீரையன் மகதான்... இல்ல, 'ஐயா' எல்லாம் எனக்கு வராது. சார்னு சொல்றதே மரியாதைதான்."

வேம்புக்கு ஆரம்பத்திலேயே சுருக்கென்று கோபம் ஏறிவிட்டது. எதிரே வெற்றிடக் குடுவைக்குள் கண்ணாடி மணி ஒன்றை லேசர் ஒளி அந்தரத்தில் தாங்கிக்கொண்டிருந்தது. தூசியைவிடச் சின்னது. அதன் நடுக்கம் திரையில் கோடாகத் துள்ளியது. மாதக் கடைசிக்குள் அது அடங்காவிட்டால் திட்டத்தையே மூடிவிடுவார்கள். கல்யாணத்தைக்கூடத் தள்ளிப்போட்டு உழைத்த உழைப்பு.

"உங்க ஆயில் இன்ஜின நிறுத்தணும் சார்... எங்க மதிலுக்கு ஒட்டுனாப்புல போட்டிருக்கீங்க, தரையே அதிருது... தண்ணி பாய்ச்சவா? அறுத்துப் போட்ட வயலுக்கு எதுக்குத் தண்ணி, வைக்கோல் முளைக்கவா?... என்ன ஆராய்ச்சியா? ஒரு பொடி மணி. அது ஆடுற ஆட்டத்துக்கு எதிரா லேசரக் கூட்டிக் குறைச்சு அடக்குறோம். ஆட்டம் அடங்க அடங்கக் குளிரும்... ஐஸ் வண்டி இல்ல சார்! ரொம்பக் குளிர்ந்தா அது கல்லு மண்ணு மாதிரி நடந்துக்காது, அணு மாதிரி நடந்துக்கும். அதப் பார்க்கத்தான்... சிரிங்க. நல்லா சிரிங்க."

"...எங்க கூடம் நிக்கிறது உங்க நிலமா? உச்சவரம்புக்கு மேல இருந்துச்சுன்னு சர்க்கார் எடுத்தது... ஆமா, எங்கப்பாதான் விவசாயச் சங்கத்துல நின்னு காட்டிக் குடுத்தாரு. நாய் பேருலகூட எழுதி வச்சிருந்தீங்கன்னு ஊரே சிரிச்சுதே... மரியாதையாப் பேசுங்க... என்னது? நிறுத்துறீங்களா? இப்பவேவா?... ஹலோ?"

இன்ஜின் விக்கி விக்கி நின்றது. கோடு தாழ்ந்தது. இன்னும் தாழ்ந்தது. அவள் இதுவரை பார்த்தே இராத அளவுக்குத் தாழ்ந்தது.

"சார்... நன்றி சார். நெசமாத்தான் சொல்றேன். பொழுது சாயற வரைக்கும் இப்படியே இருந்தாப் போதும்... ம்... ம்... யாரு வரணும்?... எங்கப்பாவா?... உங்க வாசல்லயா?... துண்டக் கக்கத்துல இடுக்கிக்கிட்டா?"

அந்தத் துண்டைத் தோளுக்கு ஏற்றத்தான் வீரையன் சிறைக்குப் போனார். வேம்பு திரையைப் பார்த்தாள். மணி அடங்கிக்கொண்டேதான் இருந்தது.

"ஒரே ஒரு தடவயா... வந்து நின்னுட்டுப் போனாப் போதுமா... ம்... யாருக்கும் தெரியாதா..."

அப்பாவிடம் சொன்னால் வருவார். மகளுக்காக மறுபேச்சு பேசாமல் வருவார். அவள் திரையிலிருந்து கண்ணை எடுத்தாள்.

"சிவசாமி... இன்ஜினப் போடுங்க... உங்க காதுல சரியாத்தான் விழுந்துச்சு. பேர் சொல்லித்தான் கூப்புட்டேன். போடுங்க!"

அவளே போனைத் துண்டித்தாள். மதிலுக்கு அந்தப் பக்கம் இன்ஜின் இருமிக்கொண்டே பிடித்தது. திரையில் கோடு எகிறிக் குதித்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. என்ன ஆனாலும் இதை அப்பாவிடம் சொல்லப்போவதில்லை.