ஒரு ஜெபத்துக்கு ஆறு துடிப்பு

இரவு ஒன்பதே முக்கால். கருங்கல்லிலிருந்து தேங்காய்ப்பட்டணம் போகும் சாலை... மழை, கரண்டும் இல்லை. நம் தெரு ரெனிஷாவின் நாத்தனார் ஷைஜா, ஆஸ்பத்திரி நர்ஸ், டியூட்டி முடிந்து ஸ்கூட்டரில் தனியாக வருகிறாள். கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், இதைச் சத்தமாகச் சொல்ல எனக்கே தைரியம் இல்லை.

திடீரென்று வண்டியின் பின்பக்கம் அமுங்கியது. யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி... அப்புறம் வாடை. மீன், உப்பு, அதோடு ஊசி போடுமுன் தடவுகிற ஸ்பிரிட். பிடரியில் ஒரு மூச்சு பட்டது. வெகுநேரம் கழித்து இன்னொன்று.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. யாரென்று தெரியும்.

சிலுவைதாசன், மீன்பிடிக்கிறவர். நாற்பது நாளைக்கு முன் மாரடைப்பென்று அவள் வார்டில் படுத்திருந்தவர். அடைப்பு இதயத்தின் கீழ்ச்சுவரில். பக்கத்துக் கட்டில்காரருக்கு முன்சுவரில். அந்தப் பக்கத்துக் கட்டில்காரரின் துடிப்பு நூற்று முப்பதுக்கு ஏற, டாக்டரும் நர்சுகளும் அங்கேயே நின்றார்கள். கீழ்ச்சுவர் என்றால் துடிப்பு சத்தமில்லாமல் குறைந்துகொண்டே போகலாம் என்று ஷைஜா படித்தவள்தான். சிலுவைதாசனின் மனைவி வியாகுலம்மாள் ஒரு கையில் ஜெபமாலையும் மறுகையில் கணவன் மணிக்கட்டுமாக இருந்தவள், எழுந்து வந்து சொன்னாள்.

"மக்கா, ஒரு அருள் நிறைந்த மரியே ஜெபம் சொல்லி முடிக்கதுக்குள்ள நாடி பத்து அடிச்சுது. இப்ப ஆறுதான் வருது."

கடலில் உழைத்த உடம்பு, தூங்கும்போது மெதுவாகத்தான் துடிக்கும் என்று ஷைஜா அனுப்பிவிட்டாள். அதோடு விட்டாளா? சும்மா கத்துகிறதென்று மானிட்டரின் அலாரத்தையும் நிறுத்தினாள். டாக்டரை ஒரு குரல் கூப்பிட்டிருந்தால் போதும்... அரைமணி நேரத்தில் ஆள் போய்விட்டார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நல்லா பார்த்துக்கொண்டாய் என்று வியாகுலம்மாள் அவள் கைகளை முத்தமிட்டுவிட்டுப் போனாள். அன்றிலிருந்து அந்தக் கையால் சோறு அள்ள அவளுக்குக் கூசியது.

வீட்டுக்குத் திரும்பும் வளைவு வந்தது. ஷைஜா திரும்பவில்லை. இன்றைக்குச் சொல்லாவிட்டால் என்றைக்கும் சொல்லமாட்டோம் என்று நேரே கடற்கரைக்கு, வியாகுலம்மாள் வீட்டுக்கு விட்டாள்.

வியாகுலம்மாள் டார்ச்சோடு வாசலுக்கு வந்தாள். வண்டியை விட்டு இறங்காமல், உட்கார்ந்தபடியே ஷைஜா அழுதாள்.

"அம்மா, நீங்க சொன்னது சரிதான். நான் கேக்கல்ல. அலாரத்த நிறுத்தினதும் நான்தான்."

வியாகுலம்மாள் ஏசவில்லை. டார்ச் வெளிச்சம் ஷைஜாவின் முகத்தில் இல்லை... அவள் தோளுக்குப் பின்னால் விழுந்துகொண்டிருந்தது.

"எனக்கு அண்ணைக்கே தெரியும் மக்கா," என்றாள். "முதல்ல அவரை இறங்கி உள்ள வரச் சொல்லு. மழையில நனைஞ்சிட்டு இருக்காரு."