நாலு மணிக்குப் போனவள்

யாராவது வேலை முடிய முன் நேரத்தோடு வீட்டுக்குப் போகக் கேட்டால் மறுத்துச் சொல்ல எனக்கு வராது. சாவகச்சேரியில் ஒரு நிதி நிறுவனக் கிளைக்கு நான் உதவி முகாமையாளர். ஜெசிதா குருநகரிலிருந்து வேலைக்கு வருபவள், கைக்குழந்தைக்காரி.

"அண்ணை, பிள்ளை பாலுக்கு அழுகுதாம். நாலு மணிக்குப் போகட்டோ?"

"ஓம், போம். வரவு இடாப்பிலை அஞ்சு மணியெண்டு போட்டிட்டுப் போம்."

சம்பளம் வெட்டுப்படக் கூடாது என்ற எண்ணம்தான். அதன் பிறகு தினமும் நாலு மணிக்குப் போனாள். மிச்ச வேலையை முடித்துவிடும்படி தன் கணினிக் கடவுச்சொல்லையும் என்னிடம் தந்திருந்தாள்.

என் தம்பியை வெளிநாட்டுக்கு அனுப்ப ஏஜென்சிக்காரன் அவசரப்படுத்தினான். இரத்தினம்மா என்ற வயோதிபப் பெண்ணின் வைப்புப் பணத்தை, அவருடைய கையொப்பத்தை நானே போட்டு, ஒருநாள் நாலரை மணிக்கு ஜெசிதாவின் கணினிக் கணக்கினூடாக எடுத்தேன். திருப்பி வைத்துவிடலாம் என்றிருந்தேன்.

அதற்குள் பணம் குறைவது தெரிந்து விசாரணைக்குழு வந்தது. கணினி ஜெசிதாவின் பெயரைக் காட்டியது. ஐந்து மணிவரை அவள் இருந்தாள் என்று இடாப்பு காட்டியது. குழுவிடம் அவளைப் பற்றி நான் ஒரு கெட்ட சொல் சொல்லவில்லை. பொலிஸ் வழக்கானபோது சட்டத்தரணியைப் பிடித்துக் கொடுத்ததும் நான்தான். அவள் கணவன் கொலின்ஸ் மீன்பிடித்துக் கடலால் வந்த கையோடு ஓடிவந்து என் கையைப் பிடித்தான்.

"அண்ணை, உங்களை விட்டா எங்களுக்கு ஆர் இருக்கினம்?"

ஜெசிதாவைச் சட்டத்தரணியிடம் நானே கூட்டிப்போனேன்.

"நேரத்தோடை போனதுக்கு ஆரும் சாட்சி இருக்கினமோ?" என்று சட்டத்தரணி ஜெசிதாவைக் கேட்டார்.

"சுதாகரன் அண்ணைக்குத் தெரியும்."

எனக்கு ஞாபகமில்லை என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் மேசையில் கிடந்த கோப்பைப் பார்த்தேன்.

"பிள்ளைக்குப் பால் குடுக்கத்தானே போனனான், அண்ணை." அந்தக் குரல் காதில் கேட்கும்போதெல்லாம் இப்போதும் எனக்குத் தலை குனிகிறது.

சாட்சி இல்லாமல் வழக்காடுவதைவிட ஒப்புக்கொண்டால் சிறைக்குப் போகாமல் ஒத்திவைத்த தண்டனையோடு தப்பலாம் என்று கொலின்ஸுக்கு எடுத்துச் சொன்னேன். அவன் அவளைச் சம்மதிக்க வைத்தான். நீதவான் கேட்டபோது "ஓம்" என்றாள்.

தண்டனையை அவர் ஒத்திவைக்கவில்லை. ஒரு வருடச் சிறை. குழந்தைக்கு ஏழு மாதம் என்பதால் தாயோடு கொண்டுபோக விட்டார்கள். சிறை வண்டியடியில் குழந்தையின் துணிப்பையை நான் நீட்டினேன். அவள் வாங்கவில்லை. கொலின்ஸ் வாங்கிக் கொடுத்தான்.

குற்றம் என்னுடையது. நீதிமன்றத்தில் போய்ச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் நானும் உள்ளே போய்விட்டால், அவளுடைய தண்டனைக்கு எதிரான மேன்முறையீட்டுக்கு ஓடித்திரிய வேறு ஆள் இல்லை.