அத்தானோட நாலு பில்லு

— நாலு பில்லும் பாஸ் ஆயிடுச்சுக்கா. காலையில பத்து மணிக்கே அத்தான் கணக்குல பணம் ஏறியிருக்கும். அதைச் சொல்லத்தான் அரை நாள் லீவு போட்டுட்டு ஓடி வந்தேன்.

— ஏறியிருக்கும்டா. நான் பொய்னு சொல்லலையே. அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரு. கதவை மட்டும் சாத்தாதே, மெஷினை ஏத்த நாலு மணிக்கு லாரி வருது.

— எந்த மெஷினை?

— இங்க என்ன பத்து மெஷினா இருக்கு? அட்டை வெட்டுற மெஷின்தான். வேலை பார்த்த ரெண்டு பேரையும் போன வாரமே கணக்கு முடிச்சு அனுப்பியாச்சு.

— அக்கா, விளையாடாதே. அது போனா தொழிலே போச்சு. வாங்குறவருக்கு போன் போட்டு வேண்டாம்னு சொல்லு. அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துடலாம், அதான் பணம் வந்துடுச்சே.

— வந்த பணம் இன்னிக்கு சாயங்காலம் வரைக்கும்கூட நிக்காது. பாதி அட்டைக்காரருக்கு, மீதி பேங்க்ல மூணு தவணைக்கு. அட்டைக்காரர் இனிமே கடனுக்கு அட்டை தர மாட்டேன்னு கையை விரிச்சிட்டார். அட்டை இல்லாம மெஷினை வச்சு என்ன பண்ணச் சொல்றே, துணி காயப் போடவா?

— அதாவதுக்கா, முறைப்படி...

— உன் முறைப்படி என்னன்னு எனக்கும் புரியிற மாதிரி ஒரு தடவை சொல்லிடு. அவ்வளவு பெரிய கம்பெனி, வாசல்ல செடி வெட்டவே நாலு ஆள் வச்சிருக்கீங்க. ஒரு அட்டைப்பெட்டிக்காரருக்குக் காசு கொடுக்க நூத்தி நாப்பது நாளா?

— அதாவது, ஒரு பில்லு வந்தா மூணு பேப்பரைப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்ப்போம். நாங்க போட்ட ஆர்டர், கேட்டுல சரக்கு இறக்கினப்போ எழுதின சீட்டு, அத்தான் கொடுத்த பில்லு. மூணும் ஒத்துப்போனா பாஸ். ஒரு எண் மாறினாலும் நிறுத்தி வைக்கணும். கேட்டுல இருக்கிற ஆள் ஐநூறு பெட்டின்னு எழுதியிருந்தான். அத்தானோட முதல் பில்லுல நானூத்தித் தொண்ணூத்தெட்டு.

— ரெண்டு பெட்டி மழையில நனைஞ்சுதுன்னு அவரே கழிச்சு எழுதினார்டா. நான் பக்கத்துலதான் நின்னேன். நனைஞ்ச பெட்டிக்குக் காசு வாங்கக் கூடாதுன்னார்.

— தெரியும்.

— தெரியுமா?

— பார்த்ததும் புரிஞ்சுது. கேட்டுக்கு ஒரு போன் போட்டா அஞ்சு நிமிஷ வேலை. மத்தவங்க பில்லுக்கெல்லாம் அப்படித்தான் சரி பண்ணிக் கொடுப்பேன்.

— அப்புறம் ஏன்டா இவருக்குப் பண்ணலை?

— மாசக் கடைசியானா மேல இருந்து சொல்லுவாங்க, இந்த மாசம் இவ்வளவுக்கு மேல பணம் வெளியே போகக் கூடாதுன்னு. ஆளுக்குப் பத்துப் பதினஞ்சு பில்லை நிறுத்தணும். எந்தப் பில்லுன்னு சொல்ல மாட்டாங்க, அதை நாங்களே பார்த்துக்கணும். சத்தம் போடுறவங்க பில்லை நிறுத்தினா எனக்குத்தான் தலைவலி, ஒரு நாளைக்கு நாலு போன் வரும். அத்தான் ஒரு தடவைகூட போன் பண்ணலை. அவர் தாங்கிக்குவார்னு நினைச்சேன். அடுத்த மாசம் வந்த பில்லுக்கும் அப்படியே நினைச்சேன். அப்புறம் கை பழகிடுச்சு.

— சொந்தக்காரன்தானே, எங்க போயிடப் போறான்னு.

— அது மட்டும் இல்லக்கா. சொந்தக்காரங்க பில்லை முதல்ல பாஸ் பண்ணது தெரிஞ்சா நாலு பேர் நாலு விதமா பேசுவாங்களேன்னு பயம். அவர் பில்லு கைக்கு வந்தாலே அடியில வச்சிடுவேன். தப்புதான்.

— அங்க வேலை காலியா இருக்குன்னு கேட்டுட்டு வந்து சொன்னதே அவர்தான்டா. அன்னிக்கு அங்க வண்டியிலேர்ந்து பெட்டியை இறக்கினதும் நேரா நம்ம வீட்டுக்குத்தான் வந்தார்.

— மறக்கலைக்கா.

— அவர் ஏன் போன் பண்ணலைன்னு தெரியுமா? நான் தினமும் சண்டை போடுவேன், என் தம்பிதானே அங்க இருக்கான், வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேளுங்கன்னு. போனைக் கையில எடுப்பார், வச்சிடுவார். 'அவன் என் மச்சான்னு அங்க எல்லாருக்கும் தெரியும். நான் கேட்டேன்னு வை, ரெண்டு பேரும் சேர்ந்துக்கிட்டாங்கன்னு அவன் பேருதான் கெடும். அவனே பார்த்துச் செய்வான்'னு சொல்லுவார். சரக்கு இறக்க வந்தாக்கூட உன் மேஜைப் பக்கம் திரும்ப மாட்டாராமே.

— திரும்ப மாட்டார். வேத்து ஆள் மாதிரி போயிடுவார். என் மேல கோபம்னு நினைச்சேன்.

— கோபமா? போறவர் வர்றவர்கிட்டல்லாம் 'அந்தக் கம்பெனியில என் மச்சான் உட்கார்ந்திருக்கான்'னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்ச மனுஷன். திங்கட்கிழமையிலேர்ந்து வேற ஒருத்தர் பட்டறையில சம்பளத்துக்குப் பெட்டி ஒட்டுறார். ஒட்டிட்டு வந்து உட்கார்ந்தும் உன்னைப் பத்தி ஒரு வார்த்தை தப்பா வரலை. எனக்குத்தான் வயிறு எரியுது.

— அத்தான் வர்ற வரைக்கும் இருக்கேன்க்கா. கால்ல விழுந்து மன்னிப்புக் கேட்டுட்டுப் போறேன்.

— கால்ல விழுந்தா லாரி வந்த வழியே திரும்பிடுமா? அதை விடு. வந்ததும் அவர் கேட்கப் போறது ஒண்ணே ஒண்ணுதான். உன் பேர் அங்க கெடாம இருக்கா? அவரை வச்சு யாராவது உன்னை ஏதாவது பேசினாங்களா?

— இல்லக்கா. யாரும் ஒண்ணும் பேசலை.

— அப்போ சரி. அந்த மட்டுக்காவது அவர் நினைச்சது நடந்திருக்கு.

— பேச மாட்டாங்கக்கா. அங்க யாருக்கும் தெரியாது.

— என்னடா தெரியாது?

— வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கு ஒரு ஃபாரம் கொடுத்தாங்க. கம்பெனிக்குச் சரக்குப் போடுறவங்கள்ல உங்களுக்குச் சொந்தக்காரங்க யாராவது உண்டான்னு கேட்டிருந்தாங்க. யாரும் இல்லைன்னு எழுதிக் கொடுத்துட்டேன்.