நாற்பது பெட்டிக்கு நட்டு

"ஒரு நட்டு அடிச்சாலும் ஆயிரம் நட்டு அடிச்சாலும் எனக்கு அரை நாள் போயிருதுங்க அம்மணி."

காந்திபுரத்திலிருந்து மேட்டுப்பாளையம் போகும் பஸ்ஸில் இதைக் கேட்டதும் கையிலிருந்த போனை அணைத்துவிட்டேன். சொன்னவர், தகட்டில் நட்டு அழுத்திக் கொடுக்கும் பட்டறைக்காரர். கேட்டுக்கொண்டிருந்த பெண்ணின் மடியில் மாதிரிக்கு ஒரு தகரப் பெட்டி. காளான் உலர்த்தும் பெட்டி நாற்பது செய்ய அவளுக்கு முதல் ஆர்டர் கிடைத்திருந்தது.

"நட்டுக்குப் பதினஞ்சு ரூபாயாங்ண்ணா? பெரிய கம்பெனிக்கு ரெண்டு ரூபாய்க்குப் போடறீங்களாமா."

"அவங்க பத்தாயிரம் கொண்டாறாங்க. உங்களுக்குன்னா தனியா டை, அதான் நட்டு அழுத்தற அச்சு, மாத்தோணும், வேஸ்ட் தகட்டுல அடிச்சுப் பாக்கோணும். அந்த நேரத்துக்குக் காசு யாருங்க குடுப்பாங்க?"

"இந்த விலைக்கு எனக்கு ஒண்ணும் மிஞ்சாதுங்ண்ணா. ஆர்டர் வேண்டாம்னு சொல்லிப்போடட்டுங்களா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். துடியலூர் தாண்டியதும் அவள்தான் கேட்டாள்.

"வர்ற வியாழக்கெழம உங்க மிஷின்ல எந்த நட்டு ஓடுதுங்க?"

"அஞ்சு எம்எம். ஏனுங்க?"

"என்னோடது நாலு. ஆனா தகட்டுல இன்னும் ஓட்டை போடலீங்க. அஞ்சுக்கே போட்டுக்கறேன். அப்ப டை மாத்த வேண்டாமுங்கல்ல?"

அவர் பெட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நட்டுக்கு மூணு ரூபா குடுங்க. இத மொதல்லயே சொல்லியிருக்கலாமுங்களே அம்மணி."

"டை மாத்தறதுக்குத்தான் அந்த வெலைன்னு நீங்க இப்பத்தானுங்ண்ணா சொன்னீங்க."