பழனாத்தாளின் கைராசி

பன்னீர் ரோஜாக் குச்சி வெக்கறது ஒரு பெரிய வித்தையே இல்லைங்க. பென்சில் மொத்தத்துல ஒரு சாண் வெட்டி, கீழ இருக்கற இலைய உருவிப்போட்டு, மேல் வெட்டுல துளி சாணிய அப்பி, நெழல்ல சொருகிட்டாப் போதும். மிச்சத்த அதே பாத்துக்கும். நட்டது யாருன்னு அதுக்குத் தெரியாது.

இது தெரிஞ்சும், கணபதி ஏரியாவுல எங்க சந்துக்காரங்க, "பழனாத்தாக்கா கைராசி யாருக்குங்க வரும்"னு சொல்றப்ப நான் வாயத் தொறக்கலைங்க. வாட்ஸ்அப் குரூப்புலயே என்னயக் கைராசியக்கான்னுதான் போட்டு வெச்சிருக்கறாங்க. எனக்கு வேற என்ன இருக்குது, சொல்லுங்க. கோலம் போட்டாக் கோணும். நான் வெச்ச ரசத்த என்ர ஊட்டுக்காரர் சாகற வரைக்கும் மருந்தாட்டத்தான் குடிச்சாரு. படிப்பு ஆறாவதோட சரி. இந்த வயசுல கெடச்ச ஒரே பேரு, அத வுட்டுருவனா?

ஆனா கேட்டவங்களுக்கெல்லாம் குச்சி குடுத்தா எல்லாத்து ஊட்டுலயும் துளுத்துப்போடுமே. அப்பறம் எனக்கென்ன ராசி? அதனால குடுக்கறதுக்கு முன்னால அடுப்படிக்குப் போயி, கொதிக்கற தண்ணியில அடித்தண்ட ஒரு முக்கு முக்கிருவேன். ஈரத்துணி சுத்திக் குடுத்தா ஒண்ணுந் தெரியாது. நாலஞ்சு நாளைக்குப் பச்சையாத்தான் நிக்கும், பொறவு கருத்துப்போயிரும். "எங்களுக்கு வராதுங்கக்கா, நீங்களே வந்து நட்டுக் குடுங்க"ம்பாங்க. போயி நடுவேன். காபி குடுப்பாங்க. ஆள் பாத்துச் செஞ்சதில்லைங்க, எல்லாத்துக்கும் ஒரே வெந்நிதான்.

எதுத்த ஊட்டு ராமாத்தா மருமக பொற்கொடிக்கும் அப்படித்தான் குடுத்தேன். தாராபுரத்துப் புள்ள, தங்கமான புள்ள. ரெண்டு தடவ கரு தங்கலை அதுக்கு. செடி கொடி வெச்சாலாவது மனசு ஆறும்னு வந்து கேட்டுச்சு. மூணு தடவ குடுத்தேன், மூணும் கருகிப்போச்சு. காஞ்ச தொட்டியப் பாத்துட்டு ராமாத்தா, "இவ கையில எதுவுமே நிக்காதாட்ட இருக்குது"ன்னா. அந்தப் புள்ள தலையக் குனிஞ்சுக்கிச்சு. நான் அவங்க ஊட்டுக் காபியக் குடிச்சுட்டிருந்தேன். காபி நல்லா இருந்துச்சு.

அடுத்த வாரம் பொற்கொடியத் தாராபுரத்துக்கே அனுப்பிப்போட்டாங்க. கெளம்பறப்ப என்ர செடியில பூத்த ரோஜாவ நாந்தான் பறிச்சுத் தலையில வெச்சு வுட்டேன். அழுதுச்சு. எனக்கும் அழுகை வந்துச்சுங்க, பொய்யில்லை.

இப்ப அதோட ஊட்டுக்காரர், கதிரேசன் தம்பி, என்ர ஊட்டுக்குள்ள உக்காந்திருக்குது. "அம்மாவ ஒரு வழியா ஒத்துக்க வெச்சுட்டனுங்க பெரீம்மா. கடைசியா ஒரே ஒரு குச்சி உங்க கையால வாங்கிட்டுப் போறேன். பொற்கொடி நட்டு அது துளுத்துச்சுன்னா கூட்டிட்டு வாடான்னுட்டாங்க"ங்குது. கண்ணெல்லாம் செவந்து கெடக்குது பையனுக்கு.

பாவந்தானுங்க. இந்தத் தடவ நல்ல குச்சியாத்தான் குடுக்கப்போறேன், முடிவு பண்ணிட்டேன். செடியில இருக்கறதுலயே நல்லதாப் பாத்து வெட்டியாச்சு. துளுத்துச்சுன்னா அந்தப் புள்ளைக்கும் கைராசின்னு சந்தே பேசும். பேசட்டும், எனக்கென்னங்க.

"சித்த இரு கண்ணு, வாரேன்"னு சொல்லிப்போட்டு, குச்சியக் கையில புடிச்சுக்கிட்டே அடுப்படிக்கு வந்திருக்கறேன். தண்ணி கொதிக்குது. அது காபிக்கு வெச்சதுங்க.